அக்காவுக்குக் கிடைத்த இங்கிலீஷ் பட்டங்கள்

அறுபதைத் தாண்டியவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகளிடம் சொன்னால் "அப்படியெல்லாமா பண்ணாங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு போனை நோண்டப் போய்விடுவார்கள். நமக்கு அப்படி இல்லை. யார் எந்த வாத்தியாரிடம் என்ன பேர் வாங்கினோம் என்பது நமக்கு இன்னும் மறக்கவில்லை.

போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். என் அக்காவின் பேத்தி என் வீட்டில் தங்கி அங்கே ஐந்தாவது படிக்கிறாள். ஏசி ரூம், சுவரெல்லாம் கலர் கலராகப் படம். வகுப்பு மிஸ்ஸுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. "இவ ரொம்ப ஸ்பிரிட்டட் சைல்டுங்க. ஸ்ட்ராங் வில். நல்ல லீடர்ஷிப் குவாலிட்டி இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கறாளா?" என்றேன்.

மிஸ் பதறிப்போனாள். "ஐயோ, அப்படி நெகட்டிவா சொல்லக் கூடாதும்மா. அந்த வேர்ட்ஸ்லாம் நாங்க இப்ப யூஸ் பண்றதே இல்லை."

"சரிம்மா. அவ இன்னா பண்ணா?"

ஆண்டு விழா நடனத்தில் கடைசி வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். இவள் மேடையை விட்டு இறங்கிவிட்டாளாம். கூடவே இன்னும் சில பிள்ளைகளும் இறங்கிவிட்டார்களாம்.

"எதுக்கு எறங்கினாளாம்?"

"அத நாங்க கேக்கலைங்க" என்றாள் மிஸ்.

நல்ல பெண்தான், கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பதில் ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு உறுத்திக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை உட்கார வைத்து நானே கேட்டேன். கறுப்பாக இருப்பவர்களையெல்லாம் பின்வரிசைக்குத் தள்ளினார்களாம், அதனால் இறங்கினாளாம். தட்டில் இன்னொரு தோசை வைத்தேன்.

அந்த வேர்ட்ஸெல்லாம் இப்போது புழக்கத்தில் இல்லையாம். எப்படி இருக்கும்? இருந்ததையெல்லாம் அந்தக் காலத்திலேயே என் அக்கா ஒருத்தியின் தலையில் கொட்டித் தீர்த்துவிட்டார்கள்.

நாங்கள் கல்வராயன் மலைக்காரர்கள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், சாமையும் கேழ்வரகும் போடும் குடும்பம். அப்போது மலையில் ஐந்தாவதுக்கு மேல் பள்ளி இல்லை. கீழே இறங்கினால் ஒரு ஊரில் உயர்நிலைப் பள்ளியும், மலைப் பிள்ளைகளுக்கென்று ஒரு ஹாஸ்டலும் இருந்தன. ஊர் பேரைச் சொல்ல மாட்டேன். நான் சொல்லப்போகிற இங்கிலீஷ் வாத்தியாரின் பிள்ளைகள் அங்கேயே நன்றாக இருக்கிறார்கள், நன்றாகவே இருக்கட்டும். அக்கா எட்டாவது, நான் ஆறாவது. நடந்துதான் இறங்குவோம். அடிவாரத்து அணைக்கட்டு கண்ணில் பட்டதும் அக்கா பாவாடையை உதறிச் சரிசெய்துகொள்வாள், என் தலையில் எச்சில் தொட்டு முடியைப் படிய வைப்பாள். "அங்க போயி அழுவாத, இன்னா?" என்பாள். நான் அழுதுகொண்டேதான் போவேன்.

எங்களைக் கீழே அனுப்ப அப்பன் லேசில் சம்மதிக்கவில்லை. இளவயதில் அவர் மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு கரும்புப் பண்ணையில் ஆளாகக் கிடந்தவர். அங்கே பட்ட அடியின் தழும்பு தோளில் இருந்தது. ஒரு நாள் வெட்டரிவாளை வரப்பில் போட்டுவிட்டு வந்தவர்தான், பிறகு மலையை விட்டு வேலைக்கென்று இறங்கவே இல்லை. எங்களை அனுப்பும்போது அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "படிக்கத்தான் அனுப்பறேன். எம் புள்ளைங்க கையி எவன் நெலத்து மண்ணுலயாவது பட்டுச்சின்னு காதுல வுழுந்துச்சி, அன்னைக்கே ரெண்டு பேரையும் வூட்டுக்கு இட்டாந்துடுவேன்." அப்பன் சொன்னால் செய்கிற ஆள்.

இங்கிலீஷ் வாத்தியாருக்குத் தோட்டம் இருந்தது. போதாததற்கு வீட்டில் ஆழமான கிணறு.

ஹாஸ்டல் பிள்ளைகள் என்றால் இலவசமாகக் கிடைத்த கை என்று அர்த்தம். காலையில் தண்டவாளத் துண்டை அடித்து எழுப்புவார்கள். வார்டன் எங்களில் சில பெண்களை வாத்தியார் வீட்டுக்கு அனுப்புவார். கிணற்றில் இறைத்து, தொட்டி நிரப்பி, சாணி அள்ளிவிட்டு வர வேண்டும். அந்தக் கிணற்று உருளை போட்ட கிறீச்சுச் சத்தம் இன்றைக்கும் என் பல்லைக் கூச வைக்கும். வாத்தியார் சம்சாரம் கெட்டவள் இல்லை. மோர் கொடுப்பாள். எங்களுக்கென்று சுவரோரம் கவிழ்த்து வைத்த அலுமினிய டம்ளரில்தான் கொடுப்பாள். குடித்துவிட்டு நாங்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். அப்போது அது எனக்குத் தப்பாகவே படவில்லை. மோர் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அக்காவுக்குப் பட்டது. ஒரு நாள் காலை வார்டன் கூப்பிட்டபோது, "நா வர்ல சார். படிக்கணும்" என்றாள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் இங்கிலீஷ் வாத்தியார் கரும்பலகையில் ஒரு இங்கிலீஷ் சொல் எழுதி அர்த்தம் சொல்வார். அதோடு விட்டால் பரவாயில்லை. அந்தச் சொல்லுக்கு உதாரணம் என்று ஒரு பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டு நிறுத்துவார். 'டால்' என்றால் ஒரு நெட்டை, 'பிளம்ப்' என்றால் ஒரு குண்டு. எல்லாரும் சிரிப்போம், நிற்கிற பிள்ளையும் சிரிக்கும். அர்த்தம் மனதில் நிற்க இதைவிட நல்ல வழி கிடையாது என்று பெரியவர்கள் எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள்.

காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்த வாரம், 'டிஸ்ஒபீடியன்ட்' என்று எழுதினார். கீழ்ப்படியாத. அக்காவைக் கூப்பிட்டார். அவள் ஏறி நின்றாள். அவள் என்ன செய்தாள் என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் கிணறும் தொட்டியும் அல்லவா வெளியே வரும்?

அந்த வாரமே அரிசி ஆலைக்காரர் மகன் வாத்தியாரின் குடைக்குள் தவளையைப் போட்டு மடித்து வைத்தான். மழைக்கு விரித்தபோது தலைமேல் விழுந்தது. பள்ளியே விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் சொல் 'நாட்டி.' குறும்புக்காரன். அவன் கன்னத்தைத் தட்டி, "நாட்டி ஃபெல்லோ, அப்படியே அப்பா மாதிரி" என்று வாத்தியாரும் சிரித்தார். தவளை போட்டவனுக்கு நாட்டி, தண்ணீர் இறைக்க மாட்டேன் என்றவளுக்கு டிஸ்ஒபீடியன்ட். இந்தக் கணக்கு எனக்குப் புரிய எத்தனையோ வருடமாயிற்று. அக்காவுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

மழை பிடித்துக்கொண்டது. வேர்க்கடலை, எங்கள் பேச்சில் கல்லக்கா, பிடுங்கும் காலம். ஈரத்தில் பிடுங்காமல் விட்டால் காய் மண்ணிலேயே முளைவிட்டுவிடும் என்று வாத்தியார் அவசரப்பட்டார். சனிக்கிழமை ஹாஸ்டல் பிள்ளைகளை வரிசையாகத் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். செடியைப் பிடித்து இழுத்தால் மண்ணோடு வருகிற வாசனை இருக்கிறதே, பசியில் இருக்கிற பிள்ளைக்கு அதுவே சாப்பாடு. பச்சைக் காயை உடைத்துத் தின்றால் பால் வரும். நான் பிடுங்கினேன், தின்றேன், திரும்பப் பிடுங்கினேன். அக்கா வரப்பில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்துக்கொண்டாள். வார்டன் கத்தினார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை 'ஸ்டப்பர்ன்.' பிடிவாதம். அக்கா மேடையில்.

அடுத்த சனிக்கிழமை அவளோடு இன்னும் நாலைந்து பெண்கள் வரப்பில் உட்கார்ந்தார்கள். பிறகு 'இன்சொலன்ட்', துடுக்கு. அதற்குப் பிறகு 'அன்ரூலி', அடங்காத. இந்தக் கடைசிச் சொல் வாத்தியாருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. புதுச் சொல் எழுதுகிற நாளிலும் முதலில் அக்காவைப் பார்த்து, "வாட் இஸ் ஷீ?" என்பார். பள்ளிக்கூடம் மொத்தமும் "அன்ரூலி" என்று ராகம் போட்டுக் கத்தும். நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன். வாயை மட்டும் அசைப்பேன், சத்தம் வராது.

ஒரு ராத்திரி பக்கத்துப் பாயிலிருந்து அக்கா கிசுகிசுத்தாள். "வூட்டுக்குப் போனா கெணத்தையும் கல்லக்காயையும் பத்தி வாயத் தொறக்காத. அப்பனுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேர் படிப்பும் போச்சி. நா டீச்சராவணும்."

"உன்ன தெனம் திட்றாங்களே."

"திட்னா திட்டட்டும். ஸ்பெல்லிங் கத்துக்கினேன்ல?"

மெய்யாகவே கற்றுக்கொண்டாள். இருட்டில் அந்த வார்த்தைகளை எழுத்து எழுத்தாகச் சொல்லிக் காட்டினாள். மேடையில் நிற்கும்போது பலகை அவளுக்குப் பக்கத்தில் இருக்குமாம், வேறு யாருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரியாதாம்.

தீபாவளி லீவுக்கு மலைக்குப் போனோம். எங்களோடு வந்த பையன் ஒருவன் ஊருக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "ஒங்க பெரிய பொண்ணு பேரத்தான் தெனம் பிரேயர்ல எல்லாரும் சொல்றாங்க, அன்ரூலின்னு" என்று அப்பனிடம் சொல்லிவிட்டான். அர்த்தம் சொன்ன நாளில் அவன் காய்ச்சலில் கிடந்தவன், வார்த்தை மட்டும்தான் தெரியும்.

அப்பன் அக்காவைக் கூப்பிட்டார். "அப்டின்னா இன்னாம்மா?"

உண்மை அர்த்தத்தைச் சொன்னால், அடுத்த கேள்வி எதனால் என்று வரும். எதனால் என்றால் கிணறு வரும், கடலைத் தோட்டம் வரும். அக்கா கண் இமைக்காமல் சொன்னாள். "எவனுக்கும் பயப்படாதவன்னு அர்த்தம்பா."

அப்பன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் பத்துப் பேர் கூடின இடத்தில் ஒருவருக்கு ஒரு பேரைச் சொன்னால் அது பட்டம். ஊர்த் தலைவரான கவுண்டருக்கு அப்படித்தான் தலைப்பாகை கட்டிப் பேர் சொல்வார்கள். பட்டம் வாங்கின வீட்டார், கொடுத்தவருக்குப் புதுச் சாமையும் தேனும் கொண்டுபோய் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் மரியாதை கெட்ட வீடு. பொட்டைப் பிள்ளைக்கு அதுவரை யாரும் பட்டம் சொன்னதில்லை. அப்பன் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். லீவு முடியும்வரை ஊரே அக்காவை அன்ரூலி என்று கூப்பிட்டது. சாமை போர் அடித்துக்கொண்டிருந்த பெண்கள், "ஏ அன்ரூலி, கொஞ்சம் வந்து தூத்திட்டுப் போ" என்றார்கள். அக்கா ஓடி ஓடிப் போனாள். அந்தச் சில நாள் அந்த வார்த்தை நல்ல வார்த்தையாகவே இருந்தது.

நாங்கள் திரும்பி வந்த சில நாளில், காலைப் பிரார்த்தனை நேரத்தில் மைதானத்து ஓரமாக அப்பன் நின்றுகொண்டிருந்தார். வெளுத்த வேட்டி, தலையில் துண்டு, தோளில் சாமை மூட்டை, கையில் சுரைக்குடுக்கை நிறையத் தேன். அக்கா மேடையில் இருந்தாள். அவளும் பார்த்துவிட்டாள்.

"வாட் இஸ் ஷீ?" என்றார் வாத்தியார்.

"அன்ரூலி" என்றது பள்ளிக்கூடம்.

அப்பன் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நேராக நடந்து வந்தார். மூட்டையையும் குடுக்கையையும் வாத்தியார் காலடியில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு, "எம் பொண்ணுக்கு நீங்க குடுத்த பேருக்குங்க சாமி" என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நக்கல் செய்ய வந்திருக்கிறான் என்று வாத்தியார் முதலில் முகம் சிவந்தார். பிறகு அவருக்குப் புரிந்தது. மற்ற வாத்தியார்களுக்கும் புரிந்தது. முதலில் டிரில் மாஸ்டர்தான் சிரித்தார். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

சிரித்து முடித்துவிட்டு வாத்தியார் பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "அன்ரூலின்னா பட்டம் இல்லய்யா. அடங்காப்பிடாரின்னு அர்த்தம். உன் பொண்ணு சொன்ன பேச்சு கேக்காது. அது கெட்டது போதாதுன்னு மத்த புள்ளைங்களையும் கெடுக்குது." பிறகு பலகைப் பக்கம் திரும்பி, அன்றைக்கு எழுதி வைத்திருந்த சொல்லை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினார். 'இன்கரிஜிபிள்.' திருத்தவே முடியாதது.

அப்பன் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை, "இவர் தோட்டத்துல கல்லக்கா புடுங்க மாட்டேன்னேன்பா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அப்பன் அந்த மூட்டையைத் தூக்கி அந்த ஆள் தலையில் போட்டிருப்பார். அக்காவைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருப்பார், கூடவே என்னையும். அவள் சொல்லவில்லை.

"இட்டுக்கினு போறேங்க" என்றார் அப்பன். அவ்வளவு சன்னமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "சின்னவ?" என்றார்.

"அது ஒபீடியன்ட்" என்றார் வாத்தியார். "இருக்கட்டும்."

எனக்குக் கிடைத்த ஒரே இங்கிலீஷ் பட்டம் அதுதான். அடங்கினவள். அதை வைத்துக்கொண்டு பத்தாவது முடித்தேன், வேலைக்குப் போனேன், பென்ஷன் வாங்குகிறேன். சாமை மூட்டையையும் தேனையும் அன்றைக்கு யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. பள்ளிப் பியூன் வாத்தியார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். அடுத்த நாள் காலை நான் அந்த வீட்டில் தண்ணீர் இறைத்தபோது சுரைக்குடுக்கை அடுப்படியில் தொங்கியது.

மலைக்குப் போன எட்டு மாதத்தில் அக்காவுக்குக் கல்யாணம் செய்துவிட்டார்கள். அடங்காத பெண், சீக்கிரம் தள்ளிவிடுவது நல்லது என்று அப்பனே சொன்னாராம். அந்தப் பேர் அவளுக்கு முன்னால் புருஷன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. குழம்பில் உப்புக் கூடினால்கூட, "வாத்தியாரே சொல்லி அனுப்பிச்ச பொண்ணாச்சே" என்றார் மாமியார். புருஷன் சீக்கிரம் போய்விட்டார். அக்கா ஆடு வளர்த்துப் பிள்ளையைக் காப்பாற்றினாள். டீச்சராகவில்லை. டீச்சராவதைப் பற்றி அவள் மறுபடி பேசியதே இல்லை, எனக்குத்தான் நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

ஆனால் வார்த்தைகளை அவள் வீணாக்கவில்லை. ஆடுகளுக்குப் பேர் வைத்துவிட்டாள். வேலி தாண்டுகிறது ஸ்டப்பர்ன். முட்டுகிறது இன்சொலன்ட். பட்டிக்குள் வரவே வராமல் அடம் பிடிக்கிற வெள்ளாடு அன்ரூலி. ஒன்று செத்தால் அந்தப் பேர் அடுத்த குட்டிக்குப் போகும். பொழுது சாய்ந்தால் மலைச்சரிவில் அக்காவின் குரல் கேட்கும். "அன்ரூலி, இங்க வாடி. இன்கரிஜிபிள் எங்க பூட்டான்?" வெளியூர் ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததே கிடையாது.

அப்பன் கடைசிக் காலத்தில் அக்கா வீட்டில்தான் கிடந்தார். தள்ளிவிட்ட பெண்தான் மலம் மூத்திரம் வாரிப் போட்டாள். தினமும் சாயங்காலம் கட்டிலில் படுத்தபடி அந்தப் பேர்களைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு தடவை நான் பார்க்கப் போயிருந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீ படிச்சவ. அந்த அன்ரூலிக்கு மெய்யா இன்னா அர்த்தம்?"

அத்தனை வருடத்துக் கோபமும் எனக்கு அப்போதுதான் வெளியே வந்தது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். "எவனுக்கும் பயப்படாதவன்னு அர்த்தம்பா. அக்கா சொன்னதுதான் சரி. வாத்தியார்தான் பொய் சொன்னான். அவன் கெணத்துல தண்ணி எறைக்க மாட்டேன்னா, அவன் கொல்லையில கல்லக்கா புடுங்க மாட்டேன்னா. அதுக்குத்தான் அந்தப் பேரு."

அப்பனின் கண்ணோரத் தண்ணீர் காதுக்குள் இறங்கியது. அக்கா ஆடுகளை அடைத்துவிட்டுக் கஞ்சியோடு உள்ளே வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எவனுக்கும் பயப்படாதவளாமே நீ. ஒந் தங்கச்சி சொல்லிட்டா எல்லாத்தையும்" என்றார்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றினாள்.

"இல்லப்பா. வாத்தியார் சொன்ன அர்த்தம்தான் சரி. நாந்தான் ஒனக்கு மாத்திச் சொன்னேன்."

அக்கா நிதானமாகச் சொன்னாள்.

"அந்த வார்த்தைக்கு இன்னா அர்த்தம்னு ஊரெல்லாம் கேட்ட. நீ இன்னாடி பண்ண, எதுக்குப் பண்ணன்னு என்ன ஒரு வார்த்த கேக்கலியே. கீழருந்து மலையேற எம்மாம் நேரம். அம்மாம் நேரமும் பேசாத முன்னாடியே நடந்துக்கினு வந்தியே."

"கேட்டிருந்தா சொல்லிருப்பியாம்மா?"

"மாட்டேன். சின்னவ அங்க இருந்தாளே." ஸ்பூனை அவர் வாயருகே கொண்டுபோனாள். "ஆனா நீ கேட்டிருக்கணும்."